துளியும் சிட்டையும்

தை பிறந்துவிட்டால் கேரளத்துக் கொல்லங்கோட்டுப் பக்கம் இரண்டு வேலைகள் சேர்ந்தே சூடுபிடிக்கும். முதலமடைத் தோப்புகளில் மாங்காய் பறிப்பு, கடைத்தெருவில் பில் அச்சடிப்பு. மற்ற ஊர் மரங்கள் பூத்துக்கொண்டிருக்கும்போதே முதலமடை மாங்காய் வடக்கே லாரி ஏறிவிடும். ஏறும் ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு வேண்டும். சீட்டில் பெயர், ரகம், எடை, விலை எல்லாம் வேண்டும். அப்படி ஓய்வில்லாத ஒரு நாளில்தான் பிரின்டர் எழுத்தை விழுங்கத் தொடங்கும். தலைப்பு கறுப்பாக வரும், நடுவே வெள்ளைக் கோடு ஓடும், கடைசி வரி சாம்பலாகிக் காணாமல் போகும். "மஷி தீந்துபோச்சு, நிறைச்சுக் குடுங்க" என்று தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் கலந்து சொல்லியபடி, கார்ட்ரிட்ஜைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு யாராவது கடைக்கு வருவார்கள்.

மலையாளத்து மஷியும் தமிழின் மசியும் ஒரே சொல்தான். விளக்குக் கரியைக் குழைத்துச் செய்த கறுப்புக்கு அந்தப் பெயர். இன்றைய கார்ட்ரிட்ஜில் எழுத்துக்கென்று வரும் கறுப்பும் பெரும்பாலும் அதே கரிதான். நுண்ணிய கரித்தூளை நீரில் படியாமல் மிதக்கவைத்திருக்கிறார்கள். கரி மாறவில்லை. அது காகிதத்துக்குப் போய்ச் சேரும் வழிதான் நம்ப முடியாத அளவுக்கு மாறியிருக்கிறது.

கடைக்காரர் செய்வது பார்க்க எளிதாக இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிப்பார். சிறு துளை தெரியும். நீளமான ஊசி மாட்டிய சிரிஞ்சை உள்ளே இறக்கி, மெல்ல மெல்ல அழுத்துவார். ஐந்தாறு மில்லி போனதும் நிறுத்திவிட்டு, அடியில் உள்ள தகட்டை டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எடுப்பார். காகிதத்தில் முழுக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தால் திருப்தி. வண்ணக் கார்ட்ரிட்ஜ் என்றால் மூன்று பட்டைகள் விழவேண்டும்.

அதில் ஒரு மில்லியில் எத்தனை துளி இருக்கும்? மருந்துக்கடைச் சொட்டுக் கணக்கில் இருபது. பிரின்டரின் கணக்கு வேறு. அது வீசும் துளி ஏறத்தாழ 5 பிகோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லியில் 20 கோடித் துளிகள். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மக்கள்தொகை 3.34 கோடி. சிரிஞ்சில் ஒரு கோடு இறங்கும் மையை மாநிலத்தில் எல்லோருக்கும் பங்கு வைத்தால், பிறந்த குழந்தை உட்பட ஆளுக்கு ஆறு துளி கிடைக்கும். அந்தத் துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெலிது.

இவ்வளவு சிறிய துளியை எந்தக் கையாலும், எந்த விசைக்குழாயாலும் அளந்து எறிய முடியாது. எறிவது ஒரு கொதிப்பு.

இந்த வழி கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் ஒரு சிரிஞ்சு வருகிறது. 1977-இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டுவிட்டது. ஊசி நுனியிலிருந்து மை சீறித் தெறித்தது. இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் அதைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகவில்லை. சூடு குமிழியை உண்டாக்கியது, குமிழி மையைத் தள்ளியது என்று அதைப் பிடித்துக்கொண்டார். கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், ஹியூலெட் பேக்கர்டில் ஜான் வாட் என்பவரும் சிறிது காலத்தில் தனியாகவே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1984-இல் ஹெச்.பி. விற்பனைக்கு விட்ட திங்க்ஜெட் பிரின்டரில் மைக்குப்பியும் துளை வரிசையும் ஒரே சிறு பெட்டியாக இணைந்திருந்தன. மை தீர்ந்தால் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று மாட்டலாம். கொல்லங்கோட்டில் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரப்படுவது அந்தப் பெட்டியின் வாரிசு.

கார்ட்ரிட்ஜின் அடியில் மின்னும் தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். அவை கோடுகளல்ல, நெருக்கி அடுக்கிய நூற்றுக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு சிறு அறை, அந்த அறையில் ஒரு சூடேற்றி. கம்ப்யூட்டர் "இங்கே ஒரு புள்ளி" என்றதும் சூடேற்றிக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் மட்டும் மின்சாரம் போகிறது. அதற்குள் அதன்மேல் படிந்திருக்கும் மை 300 டிகிரியைத் தொட்டுவிடுகிறது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு அது சரி. அங்கே குமிழி முளைக்கப் பாத்திரத்தின் சொரசொரப்பும் இருக்கிறது, அவகாசமும் இருக்கிறது. இங்கே அவகாசமே இல்லை. விநாடிக்குப் பத்துக் கோடி டிகிரி என்ற வேகத்தில் சூடு ஏறும்போது, மை கொதிக்க மறந்து திரவமாகவே 100-ஐத் தாண்டி, 200-ஐத் தாண்டி ஓடுகிறது. இதற்கு மேல் திரவமாக இருக்கவே முடியாது என்ற எல்லை வந்ததும் அந்த மெல்லிய படலம் முழுவதும் ஒரே நேரத்தில் ஆவியாக வெடிக்கிறது. ஆவியாவது மைக்ரோமீட்டரிலும் குறைவான தடிமன்தான். மற்ற மையெல்லாம் குளிர்ந்தே இருக்கிறது. வெடித்த குமிழி துளை வழியே ஒரு துளியை உந்துகிறது. உடனே தானும் சுருங்கி மறைகிறது. காலியான இடத்துக்குப் புதிய மை உள்ளே இழுக்கப்படுகிறது. ஓர் இமைப்பொழுதுக்குள் ஒரே துளை இப்படி நூற்றுக்கணக்கான முறை வெடித்து அடங்கும். மாங்காய்ச் சீட்டில் இருக்கும் "அல்போன்சா" என்ற ஒரு சொல் இப்படிப் பல்லாயிரம் கொதிப்புகளால் எழுதப்படுவது.

எப்சன் பிரின்டர்கள் இந்த வழியில் போவதில்லை. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு படிகத்தால் மையைப் பிதுக்குகின்றன. சூடு கிடையாது. அதனால் தலைப்பகுதி நீண்ட நாள் உழைக்கும், பிரின்டரோடே தங்கிவிடும்.

கொதிப்பு வகைக்கு ஒரு பத்தியம் உண்டு. அறையில் மை இருக்கும்போது சூடு மையோடு போய்விடுகிறது. மை வற்றியபின்னும் அச்சடித்துக்கொண்டே இருந்தால் சூடேற்றி வெறும் வாணலியாகக் காய்ந்து எரிந்துபோகும். அப்புறம் எத்தனை மில்லி ஏற்றினாலும் அந்தத் துளை பேசாது. ஆகவே எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டு நிரப்பக் கொடுப்பதுதான் சரி. கடைசிச் சொட்டுவரை பிழிந்து சிக்கனம் பிடிப்பவர்கள் கார்ட்ரிட்ஜையே இழக்கிறார்கள். சூடேற்றியின்மேல் மை கருகிப் படிவதும் உண்டு. இத்துறையில் அதற்கு கோகேஷன் என்று பெயர். கருகலைக் குறிக்கும் கோகே என்ற ஜப்பானியச் சொல்லில் ஆங்கில வாலை ஒட்டிச் செய்தது. நம் அடுக்களையில் அதற்குப் பெயர் அடிப்பிடித்தல். மட்டமான மை சீக்கிரம் அடிப்பிடிக்கிறது.

மெதுவாக அழுத்தவேண்டும் என்று கடைக்காரர் ஏன் அவ்வளவு கவனமாக இருக்கிறார்? உள்ளே மை குளம்போல நிற்கவில்லை. பஞ்சு நிரப்பியிருக்கிறார்கள். விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்துவைப்பதுபோல அந்தப் பஞ்சு மையைப் பிடித்துவைத்திருக்கிறது. பஞ்சு மேலே இழுக்கும் சிறு இழுப்பினால்தான், அடியில் நூற்றுக்கணக்கான திறந்த துளைகள் இருந்தும் மை கீழே ஒழுகாமல் நிற்கிறது. நான் முதல் முறை வீட்டில் செய்து பார்த்தபோது, இருக்கும் இடமெல்லாம் நிரம்பட்டும் என்று ஆசைப்பட்டுப் பத்து மில்லியை ஏற்றினேன். பஞ்சு நிறைந்து தளும்பியதும் இழுப்பு போய்விட்டது. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகி, காலையில் பிரின்டரின் வயிறு கறுப்புக் குளமாகக் கிடந்தது. வேகமாக அழுத்தினாலும் கெடுதல்தான். பஞ்சுக்குள் காற்றுப் பொதி சிக்கிக்கொண்டு, மை இருந்தும் துளைவரை வராது. அப்போது கடைக்காரர் ஒரு ரப்பர் கவ்வியை அடியில் மாட்டி, வெற்றுச் சிரிஞ்சால் கீழிருந்து உறிஞ்சி அந்தக் காற்றை வெளியே எடுப்பார். கைப்பழக்கமும் இயற்பியலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிட்ட ஒரு வேலை இது. அதைச் செய்கிறவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதாது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் ஓரத்தில்தான் கொல்லங்கோடு. தெற்கே நெல்லியாம்பதி மலை சுவராக நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்று கணவாய்க்குள் நுழைந்து வீசும். உதடு வெடிக்கும், வேட்டி அரை மணியில் காயும். முடியைவிடச் சிறிய துளையின் வாயில் நிற்கும் மை காயாதா? அது காயாமலிருக்க மையில் கிளைக்கால் வகைத் திரவங்களைச் சேர்க்கிறார்கள், பிரின்டரும் வேலை முடிந்ததும் தலையை ஒரு ரப்பர் மூடிக்குள் கொண்டுபோய் மூடிவைக்கிறது. சுவிட்சில் நேரடியாக மின்சாரத்தை நிறுத்தினால், தலை மூடிக்குப் போகாமல் வழியிலேயே நின்று காற்றில் காயும். பிரின்டரின் சொந்தப் பொத்தானை அமுக்கி அணைப்பது அதற்காகத்தான். காய்ந்துபோன தலையைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது, உப்பு படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வெதுவெதுப்பாக்கி அதில் நனைத்த டிஷ்யூமேல் சில நிமிடம் நிறுத்திவைத்தால் பல தலைகள் பிழைத்துக்கொள்ளும்.

மை வாங்கும்போதும் ஒன்று கேட்கவேண்டும்: சாயமா, கரித்தூளா? சாயம் நீரில் கரைந்தது. ஈரக்கை பட்டால் சீட்டில் எடையும் விலையும் சேர்ந்து ஒழுகும். கரித்தூள் மை காகிதத்தின் மேலேயே படிந்து நிற்கும். பத்திர நகலுக்கும் சான்றிதழுக்கும் அதுதான் ஏற்றது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கலந்தால் திரிந்து கட்டியாகித் துளைகளை அடைத்துவிடும்.

ரீஃபில் செய்யும் பழக்கம் பெரிய கம்பெனிகளையே திசைதிருப்பியிருக்கிறது. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரின்டருக்கு வெளியே குப்பிகளைக் கட்டி, மெல்லிய குழாய் வழியே மையை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எப்சன் 2010-இல் அதே ஏற்பாட்டைத் தானே தொழிற்சாலையில் செய்து, மைத்தொட்டி வைத்த பிரின்டரை முதலில் அந்த நாட்டில்தான் விற்பனைக்கு விட்டது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் காணும் தொட்டிப் பிரின்டர்களின் பிறப்பு அந்தத் தெருக்கடை மேசையில்தான்.

எதிர்த்திசையிலும் வேலை நடந்தது. பல கார்ட்ரிட்ஜ்களில் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது மையின் அளவை அளப்பதில்லை. எத்தனை துளி வீசப்பட்டது என்று பிரின்டர் எண்ணிச் சொல்வதைக் குறித்துக்கொள்கிறது. எண்ணிக்கை முடிந்தால், பஞ்சில் மை இருந்தாலும் "தீர்ந்தது" என்று சொல்லும். நாம் நிரப்பினாலும் அதன் கணக்கில் மை ஏறாது. நிரப்பிய கார்ட்ரிட்ஜை ஏற்கவே மறுக்கும் பிரின்டர்களும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து நிரப்ப எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பது நீதிமன்றம்வரை போன கேள்வி. 2017-இல் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றதோடு அதன்மேல் விற்றவருக்கிருந்த காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன்.

பெட்டியில் இருக்கும் மை ஒன்று, அதைப் பற்றிய பதிவு இன்னொன்று. அந்தச் சில்லு இதைத்தான் நமக்குக் காட்டுகிறது. மாங்காய் மண்டிக்கும் இதே சங்கதிதான். கிடங்கில் இருக்கும் பெட்டிகள் ஒரு கணக்கு, புத்தகத்தில் இருக்கும் பெட்டிகள் இன்னொரு கணக்கு. இரண்டும் விலகாமல் பார்த்துக்கொள்ளத்தான் நம்மவர்கள் சிட்டையும் பேரேடும் வைத்தார்கள்.

பெரும்பாலான கடைகளில் இன்று கணக்கு எக்செல் விரிதாளில் ஓடுகிறது. அதில் தவறில்லை. 1979-இல் விசிகால்க் வந்தபோது விரிதாள் ஒரு விடுதலையாகவே வந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் எல்லாக் கூட்டலும் தானே மாறும். ஆனால் விரிதாள் கூட்டிப் பார்ப்பதற்காகப் பிறந்தது. நினைவில் வைத்துக்கொள்வது அதன் பிறவிக் குணமல்ல. சர்வே எண் 12/3 என்று தட்டிப் பாருங்கள், அது மார்ச் 12 ஆகிவிடும். 0-வில் தொடங்கும் தொலைபேசி எண்ணில் முதல் 0 பறிபோகும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் இறுதியில் தொடங்கி இதுபோன்ற ஓர் இழப்பு நாடளவில் நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோக, 15,841 நோயாளிகளின் பெயர்கள் கணக்கிலேயே வராமல் போயின. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் அந்த நாட்களில் தள்ளிப்போயிற்று.

டேட்டாபேஸ் என்பது நினைவில் வைப்பதற்காகவே கட்டப்பட்டது. இன்று பரவலாக இருக்கும் அட்டவணை வகை டேட்டாபேஸின் அடிப்படை எண்ணத்தை 1970-இல் எழுதியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் சொன்னதை மண்டிக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். கந்தசாமி என்ற விவசாயி ஒரு பருவத்தில் நாற்பது லோடு அனுப்புகிறார். விரிதாளில் நாற்பது வரியிலும் அவர் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதியிருக்கும். எண் மாறினால் நாற்பது இடத்தில் திருத்தவேண்டும், முப்பத்தெட்டில் திருத்திவிட்டு இரண்டை மறப்போம். காட் சொன்ன முறையில் விவசாயிகளுக்கு ஓர் அட்டவணை, லோடுகளுக்கு ஓர் அட்டவணை. லோடு அட்டவணையில் கந்தசாமி இல்லை, அவருடைய எண் 17 மட்டும் இருக்கிறது. ஒரு செய்தி ஓரிடத்தில்தான் வாழும். வேண்டும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, சிட்டையில் பக்க எண்ணை மட்டும் குறித்த பழைய கணக்குப்பிள்ளைக்கு இது புரியாத விஷயமாகவே இருந்திருக்காது.

கணக்குப்பிள்ளைக்குப் புரியும் இன்னொன்றும் உண்டு. நடந்ததை நடந்தவுடன் சிட்டையில் எழுதவேண்டும், பேரேட்டில் ஏற்றுவது சாயங்காலம் நிதானமாக. நடுவில் விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்து மறுநாள் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்கள் அப்படியேதான் செய்கின்றன. மாற்றத்தை முதலில் ஒரு தனிக் கோப்பில் வரிசையாகக் குறித்து, அது வட்டில் பதிந்தது உறுதியான பிறகே அட்டவணையில் கைவைக்கின்றன. கந்தசாமியின் கணக்கில் பற்று எழுதி, மண்டிக் கணக்கில் வரவு எழுதுவதற்குள் கரண்ட் போனால்? கரண்ட் வந்ததும் டேட்டாபேஸ் தன் சிட்டையைப் படித்து, இரண்டும் நடந்ததா என்று பார்க்கும். பாதி நடந்ததை இல்லாததாகவே ஆக்கிவிடும். கோடை இடி இறங்கினால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் இது சிறிய உதவியல்ல.

தேடும் வேகமும் வியப்புதான். பத்து லட்சம் பெயரில் ஒன்றைத் தேட எத்தனை பக்கம் புரட்டவேண்டும்? 1970-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் அமைத்த பி-மரம் என்ற அடுக்கில், ஒரு பக்கத்திலிருந்து நூறு கிளை பிரியுமானால், மூன்றே பக்கம். நூறு, பத்தாயிரம், பத்து லட்சம். ஐந்து பக்கம் புரட்டினால் ஆயிரம் கோடி. உலக மக்கள் எல்லோருடைய பெயரையும் எழுதிய பிறகும் அதில் இடம் மிச்சமிருக்கும்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் எஸ்கியூலைட் போதும், அதற்கு முகப்பாக லிப்ரே ஆபீஸின் பேஸை வைத்துக்கொள்ளலாம். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதிய எஸ்கியூலைட் நம் ஸ்மார்ட்போன்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு, உரிமைத் தொகை ஏதுமில்லை. அதை 2050 வரையாவது பராமரிப்பதே தங்கள் நோக்கம் என்று எழுதியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 1992 முதல் இருக்கிறது, படிவம் வடிவமைக்க மிக வசதியானது. ஆனால் ஒரு கோப்பு 2 ஜி.பி.யோடு நின்றுவிடும், விண்டோஸை விட்டு வெளியே வராது. நாலு பேர் நாலு மேசையிலிருந்து ஒரே நேரத்தில் எழுதவேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி. நூலகம் என்றால் புதிதாக எதையும் கட்டவேண்டாம். நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலக அமைப்புக்காகச் செய்யப்பட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் உலகமெங்கும் பரவிய கோஹா இருக்கிறது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு.

ஆனால் எங்கள் ஊரில் எந்த மென்பொருளை வாங்குமுன்னும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஊரின் பெயரையே அதற்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

கொல்லங்கோடு. இந்தப் பெயரில் "கொ" இருக்கிறது, "கோ" இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் எனத் தனித்தனி இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டும் சரி என்றே விதி சொல்கிறது. ஓகாரத்துக்கும் அப்படியே. ஆகவே கொல்லங்கோடு என்ற பெயரைக் கம்ப்யூட்டரில் நான்கு விதமாக எழுதிவைக்க முடியும். யு.டி.எஃப்-8 முறையில் அவற்றின் நீளம் 33 பைட், 36 பைட், இன்னொரு 36 பைட், 39 பைட். நம் கண்ணுக்கு நான்கும் ஒன்று. சமனாக்கிப் பார்க்கத் தெரியாத மென்பொருளுக்கு நான்கு வெவ்வேறு ஊர்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையில் தட்டியதை இன்னொருவர் வேறு விசைப்பலகையில் தேடினால் "இல்லை" என்று வரும். போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பு முதல் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது.

மலையாளத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. சொல்லின் இறுதியில் வரும் ன், ர், ல், ள், ண் போன்றவற்றுக்கு அங்கே சில்லு என்று தனி வடிவம். 2008-இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கியது. அதற்கு முன் மெய்யோடு சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் சேர்த்து எழுதினார்கள். பழைய பட்டியலில் இருக்கும் "ராமன்" புதிய தேடலில் அகப்படமாட்டார். இரண்டு மொழியிலும் பெயர் எழுதும் எங்கள் சித்தூர் வட்டத்தில் இது இரட்டைக் கவலை.

அடுத்த சோதனை அகரவரிசை. கபிலன், கனகம் என்று இரண்டு பெயரைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தமிழ் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து, ஆகவே கபிலன்தான் முதலில் வரவேண்டும். ஆனால் யூனிகோடின் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன உட்கார்ந்திருக்கிறது. இந்திய மொழிகள் எல்லாவற்றையும் தேவநாகரி வரிசையில் நிறுத்திய பழைய இஸ்கி குறியீட்டின் அச்சு அது. வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கும் மென்பொருள் கனகத்தை முன்னே தள்ளிவிடும். நல்ல மென்பொருள் யூனிகோடின் தனி வரிசை விதியைப் பின்பற்றி ழ, ள, ற, ன-வை அவற்றுக்கு உரிய கடைசி இடத்தில் வைக்கும்.

மூன்றாவதாக, ஒரு நகலை எடுத்துவைத்துக்கொண்டு, பதிவு ஏற்றும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நான்காவதாக, எல்லாவற்றையும் எளிய உரைக்கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 1990-களில் தமிழைப் பாமினி போன்ற எழுத்துருக்களிலும் மலையாளத்தைக் கார்த்திகா போன்றவற்றிலும் தட்டி நிரப்பிய கோப்புகள் இன்னும் பல அலுவலகங்களில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் சிதறிக்கிடக்கும். மென்பொருளும் போய், எழுத்துருவும் போய்விட்ட கோப்பு, தலை காய்ந்த கார்ட்ரிட்ஜ்தான். உள்ளே எல்லாம் இருக்கிறது, ஒரு சொட்டும் வெளியே வராது.

இந்தத் தேர்வைக் கேரளம் ஒரு மாநிலமாகவே செய்துபார்த்தது. 2001-இல் திருவனந்தபுரத்தில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது. பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் அதே காலத்தில்தான் வந்தது. சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகள் குனு லினக்ஸுக்கு மாறின. திட்டம் 2017-இல் கைட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2019-இல் இரண்டு லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு அது கொடுத்த இயங்குதளத்தில் லிப்ரே ஆபீஸும் உண்டு. இதனால் மிச்சமாவது 3000 கோடி ரூபாய் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளும் அதே இயங்குதளத்தில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் தோப்புக் கணக்கைப் போட யாரிடமும் உரிமம் கேட்கவேண்டாம், போட்ட கணக்கு எந்தக் காலத்திலும் பூட்டிக்கொள்ளாது.

அப்படிப் பூட்டிக்கொள்ளாத பழைய பதிவு ஒன்றைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். கொல்லங்கோட்டிலிருந்து சித்தூர் கிட்டத்தில்தான். அங்கே சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாள மொழியின் தந்தையாகப் போற்றப்படுபவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்கிறார்கள். அவருடையது என்று பாதுகாக்கும் எழுத்தாணியும் ஓலைச் சுவடிகளும் அங்கே உண்டு. எழுத்தாணி அடித்துக்கொடுத்தவர்கள் கொல்லர்கள். எங்கள் ஊர்ப் பெயரிலும், கைவிடப்பட்ட அரசகுமாரனை எடுத்து வளர்த்த ஒரு கொல்லன் இருப்பதாகத்தான் ஊர்க்கதை சொல்கிறது.

ஓலையில் எழுத்தாணி மை இல்லாமலேயே எழுதுகிறது. எழுதி முடித்த ஓலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றோலை. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் கீறல் தெரியும். பதிவு அவ்வளவுதான், அந்தக் கீறல். பிறகு விளக்குக் கரியை இலைச்சாற்றிலோ எண்ணெயிலோ குழைத்து ஓலை முழுக்கத் தடவித் துணியால் துடைப்பார்கள். வழுவழுப்பான மேற்பரப்பிலிருந்து கரி போய்விடும், கீறலுக்குள் இறங்கியது மட்டும் தங்கும். திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்துளை இழுப்பு, கார்ட்ரிட்ஜின் பஞ்சு மையைப் பிடித்துவைக்கும் அதே இழுப்பு, அந்த ஈரக் கரி கீறலுக்குள் இறங்கவும் துணைநிற்கிறது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சுவடிக்கு இப்படி மை பூசுவதை மையாடல் என்றார்கள், உ.வே. சாமிநாதையர் படித்த காலத்தில் அது ஒரு சடங்காகவே நடந்தது. சில பத்தாண்டுகளில் கரி உதிர்ந்து எழுத்து மங்கிவிடும். கீறல் அங்கேயே இருக்கும். அடுத்துப் படிக்க வருபவர் புதிதாகக் கரி குழைத்து, விரலால் தொட்டு, ஓலையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மறுபடியும் தடவுவார். துடைத்ததும் வரி வரியாக எழுத்து மேலே வரும்.